வாசிக்கிறார்கள், விளங்குவதில்லை: ஆரம்பப் பிரிவு வாசிப்புக் கேள்வி பதில்

வன்னியின் பல ஊர்களிலிருந்து ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: எனது வகுப்பு தரம் 3, மொத்தம் 26 பிள்ளைகள். பாதிப் பேருக்கு மேல் தடுமாறாமல் உரத்து வாசிக்கிறார்கள். பந்தியின் கீழுள்ள வினாக்களுக்கும் சரியாக விடை எழுதுகிறார்கள். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு "என்ன வாசித்தாய், சொல்லு" என்றால் முழிக்கிறார்கள். எங்கே பிழை?
(ஆசிரியை, ஒட்டுசுட்டான்)

பதில்: முதலில் இந்த வசனத்தை வாசித்துப் பாருங்கள்: "மொழுவன் சாருவில் ஏறித் தவிலையை நுப்பினான்." மொழுவன் எதை நுப்பினான்? தவிலையை. எதில் ஏறினான்? சாருவில். நுப்பியவன் யார்? மொழுவன். மூன்றும் சரியான விடைகள். ஆனால் அந்த வசனத்தில் "ஏறி" தவிர்ந்த ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது. இந்தப் பதிலுக்காக நாங்களே உண்டாக்கியவை அவை.

தமிழில் இப்படி விடை எடுப்பது மிக இலகு. வினாவில் "எதை" என்று இருந்தால் பந்தியில் ஐ உருபோடு நிற்கும் சொல்லைத் தேடினால் போதும். "எங்கே" என்றால் "இல்" அல்லது "கு" என்று முடியும் சொல், "யாருக்கு" என்றால் "கு" என்று முடியும் சொல். உருபோடு உருபைப் பொருத்தத் தெரிந்த பிள்ளை கதை விளங்காமலே ஐந்துக்கு ஐந்து எடுத்துவிடும். பிள்ளையைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. நாம் கேட்ட வினாவுக்கு அவ்வளவே தேவைப்பட்டது.

ஆகவே மாற்ற வேண்டியது வினாவைத்தான். கீழே உள்ள சிறு பந்தியைக் கரும்பலகையில் எழுதிச் செய்து பாருங்கள்.

"மூன்று நாளாக மழை விடவில்லை. குளம் வான் பாயத் தொடங்கிவிட்டது. மாமா மாடுகளை அவிழ்த்து மேட்டுக்காணிக்கு ஓட்டிச் சென்றார். அம்மா நெல் மூட்டைகளைக் கட்டிலின் மேல் ஏற்றினார். தம்பி பழைய கொப்பியைக் கிழித்துக் கப்பல் செய்துகொண்டிருந்தான். அம்மா அவனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை."

"மாமா மாடுகளை எங்கே ஓட்டிச் சென்றார்?" என்பது உருபு வினா. அப்படி ஒன்று இருக்கலாம், பயந்த பிள்ளைக்கு அது ஒரு பிடி. ஒன்றுக்கு மேல் வேண்டாம். அடுத்து, "அம்மா ஏன் மூட்டைகளைக் கட்டிலில் ஏற்றினார்?" என்று கேளுங்கள். வெள்ளம் வீட்டுக்குள் வரலாம் என்று பந்தியில் எங்கும் இல்லை. மூன்று நாள் மழை, நிரம்பி வான் பாயும் குளம், நனைந்தால் முளைத்துவிடும் நெல் என்று மூன்றையும் பிள்ளையே இணைக்க வேண்டும். பிறகு, "மாமா செய்ததற்கும் அம்மா செய்ததற்கும் காரணம் ஒன்றா, வேறா?" கடைசியாக, "அம்மா ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" இதற்குப் பல விடைகள் வரும். வேலை நெருக்கடி என்று ஒரு பிள்ளை சொல்லும். தம்பி சின்னவன், பயப்படக்கூடாது என்று இன்னொன்று சொல்லும். இரண்டையும் ஏற்கலாம். ஆனால் ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஒரு கேள்வியைத் தவறாமல் போடுங்கள்: "எந்த வசனத்தை வைத்து அப்படிச் சொல்கிறாய்?" பிள்ளையைத் திரும்பவும் பந்திக்குக் கொண்டுபோவது அதுதான். அதை விட்டுவிட்டால் கிரகித்தல் (வாசித்து விளங்கும்) பாடம் வெறும் ஊகப் பாடமாகிவிடும்.

முதல் இரண்டு வாரம் இதை வாய்மொழியாக மட்டும் செய்யுங்கள். எழுதச் சொன்னவுடன் பிள்ளையின் கவனம் எழுத்துப் பிழைக்குப் போய்விடும், விடை மூன்று சொல்லாகச் சுருங்கிவிடும். வினாவைக் கேட்ட பின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் ஒருவரைக் கூப்பிடுங்கள். முதலில் தூக்கிய கைக்கே விடை போனால் மற்ற 25 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மூடிய புத்தகத்தோடு கதை சொல்வது தனியாகப் பழக்க வேண்டிய ஒன்று. "சொல்லு" என்று மட்டும் சொன்னால் பிள்ளைக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. நான்கு விரல் கொடுங்கள்: யார், எங்கே, என்ன நடந்தது, கடைசியில் என்ன. இருவர் இருவராக இருந்து ஒருவருக்கொருவர் சொல்லட்டும். உங்கள் வகுப்பில் 13 சோடி வரும். நாளுக்கு மூன்று சோடிக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் ஒரு வாரத்தில் எல்லோரையும் கேட்டுவிடலாம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் விரல் வைத்துப் பார்க்கும் வழமையையும் இதற்காகக் கைவிடலாம். 26 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு நிமிடம், மிச்சம் 25 நிமிடமும் தன் முறை எப்போது என்ற பயம்.

ஒரு எச்சரிக்கை. வாசிக்கத் தொடங்குமுன் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அன்பால்தான் செய்கிறோம். ஆனால் அதன்பின் பிள்ளைக்கு வாசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

கேள்வி: என் மகன் தரம் 2. வாசிப்பில் பின்தங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். எழுத்து தெரியாததா, விளங்காததா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
(தாய், துணுக்காய்)

பதில்: முடியும். இரண்டு நாள் போதும். அவனுடைய தரத்துக்கு ஏற்ற, ஏறத்தாழ 50 சொல் கொண்ட இரண்டு பந்திகளை எடுங்கள். முதல் நாள் ஒன்றை நீங்கள் வாசித்துக் காட்டி நான்கு கேள்வி கேளுங்கள். மறுநாள் மற்றதை அவன் வாசிக்கட்டும், அதேமாதிரி நான்கு கேள்வி. நீங்கள் வாசித்தால் விளங்குகிறது, தான் வாசித்தால் விளங்கவில்லை என்றால் தடை எழுத்தில் இருக்கிறது. இரண்டிலும் விளங்கவில்லை என்றால் சொல்வளத்திலும் கேட்டு விளங்குவதிலும் குறை, எழுத்தட்டையை எத்தனை முறை காட்டினாலும் அது தீராது.

1986இல் கோஃப், ரன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனைக் கேட்டு விளங்கும் திறனால் பெருக்கினால் வருவது வாசித்து விளங்குதல். கூட்டல் என்றால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும். பெருக்கலில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்.

அவன் வாசிக்கும்போது பிழைகளை ஒரு தாளில் குறியுங்கள். தானே திருத்திக்கொண்டதைப் பிழையாக எண்ண வேண்டாம். 50 சொல்லில் இரண்டு பிழை வரை என்றால் அந்தப் பந்தியை அவன் தனியே வாசிக்கலாம். மூன்று முதல் ஐந்து என்றால் பக்கத்தில் ஒருவர் இருந்து உதவ வேண்டும். ஐந்துக்கு மேல் போனால் பந்தி அவனுக்குக் கடினம், கீழ்த்தரப் புத்தகத்துக்கு இறங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எண்ணிக்கையை விட முக்கியம், பிழை எங்கே விழுகிறது என்பது. தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று கொம்பு: எழுத்துக்கு இடப்பக்கம் எழுதுகிறோம், ஒலியோ பின்னால் வருகிறது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வேறு குழப்பம். வெல்–வேல், கொடி–கோடி, தொடு–தோடு என்று சோடியாக எழுதி, பொருளோடு சொல்ல விடுங்கள். இரண்டாவது உகர, ஊகார வரிசை. கு, டு, து, மு, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க முடியாது. மூன்றாவது புள்ளி: படம்–பட்டம், எடு–எட்டு, முடை–முட்டை. நாளுக்கு எட்டு அட்டை, ஆறு நிமிடம். அதற்கு மேல் இருத்தி வைத்தால் அடுத்த நாள் வரமாட்டான். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்புவிக்கத் தெரிந்த பிள்ளை நடுவில் ஒன்றைக் காட்டினால் தடுமாறுவதுண்டு, ஆகவே அட்டைகளைக் கலைத்துப் போட்டே கேளுங்கள்.

கேள்வி: ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும் மகள் மாற்றி எழுதுகிறாள். 50 தரம் எழுத விட்டும் திருந்தவில்லை.
(தந்தை, வவுனியா)

பதில்: வடபகுதிப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. காதுக்குக் கிடைக்காத வேறுபாட்டைக் கண்தான் பிடிக்க வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும். இது வாசிப்புக் குறை அல்ல. 50 தரம் எழுதுகிறபோது பத்தாவது தரத்தோடு மனம் வெளியேறிவிடும், கை மட்டும் ஓடும். நாளுக்கு ஐந்து சொல்: பார்க்க, மூட, எழுத, திறந்து சரிபார்க்க. வாரத்துக்கு ஒரு சோடியை மட்டும் எடுத்து, தொடராகக் கொடுங்கள்: குளத்துக் கரை, சட்டையில் கறை. பிழையான வடிவத்தை எழுதிக்காட்டி "இப்படி எழுதாதே" என்று சொல்ல வேண்டாம். கண்ணில் நிற்பது அதுவாகிவிடும்.

கேள்வி: சொல் எல்லாம் தெரியும், ஆனால் வசனம் நீண்டால் விடை தலைகீழாகிறது. தரம் 4 பிள்ளைகள்.
(ஆசிரியர், நெடுங்கேணி)

பதில்: "அம்மா சந்தையில் வாங்கிய மாம்பழத்தைத் தின்ற அணில் கூரையில் ஏறியது." மாம்பழத்தைத் தின்றது யார் என்று கேட்டால் சில பிள்ளைகள் "அம்மா" என்பார்கள். வசனத்தில் முதலில் நிற்பவரே எல்லாம் செய்தவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ் வசனம் செய்தியைப் பெயருக்கு முன்னால் அடுக்குகிறது, யாரைப் பற்றியது என்பது பிந்தித்தான் தெரிகிறது. அதுவரை எல்லாவற்றையும் நினைவில் தாங்க எட்டு ஒன்பது வயதுக்குக் கடினம்.

வசனத்தை மூன்றாக உடைக்கச் சொல்லுங்கள்: அம்மா சந்தையில் மாம்பழம் வாங்கினார். அதை அணில் தின்றது. அணில் கூரையில் ஏறியது. பிறகு மூன்றையும் திரும்ப ஒன்றாக்கச் சொல்லுங்கள். உடைப்பதை மட்டும் செய்து சேர்ப்பதை விட்டால் பாதிப் பயன்தான். பிறிஸ்டல் மட்டையில் சொற்களை எழுதி வெட்டி, பிள்ளைகளே பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றால் "வாங்கிய", "தின்ற" போன்ற எச்சங்கள் எந்தப் பெயரோடு போய் ஒட்டுகின்றன என்பது கண்ணுக்குத் தெரியும்.

எழுவாய் மறைந்த வசனமும் இதே அளவு தொல்லை. "அண்ணன் அக்காவைக் கூப்பிட்டான். பதில் சொல்லாமல் உள்ளே போனாள்." போனது யார்? வினைமுற்றின் "ஆள்" விகுதியைப் பிடிக்கத் தெரிந்தால் விடை கையில். முற்றுச் சொற்களின் கடைசியை வட்டமிட்டு, "இது யாருடைய வால்?" என்று கேட்டு ஒரு வாரம் பழக்குங்கள். வாசிக்கும்போது சொல்லின் முன்பாதியைப் பார்த்துவிட்டுப் பின்பாதியை ஊகிக்கிற பிள்ளைக்கும் இது மருந்து.

கேள்வி: எங்கள் வகுப்பில் சில பிள்ளைகளின் பூர்வீகம் மலையகம். "வந்துட்டாங்க" என்று சொல்வார்கள், மற்றவர்கள் "வந்திட்டினம்" என்பார்கள். பாடநூலில் "வந்துவிட்டார்கள்". அத்தோடு பந்திகளில் வரும் பல விடயங்களை எங்கள் பிள்ளைகள் கண்டதே இல்லை. எப்படித் தொடங்குவது?
(ஆசிரியை, கிளிநொச்சி)

பதில்: 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வன்னியில் வந்து குடியேறின. அவர்களின் பேரப்பிள்ளைகளின் பேச்சில் அந்த மண்ணின் வழக்கு இருப்பது இயல்பு. இரண்டு வழக்கும் எழுத்துத் தமிழிலிருந்து விலகித்தான் நிற்கின்றன. ஒன்றை ஊர்ப்பேச்சு என்று விட்டுவிட்டு மற்றதை மட்டும் திருத்தினால் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வாயை மூடிய பிள்ளைக்குக் கிரகித்தல் கற்பிக்க ஒருவராலும் முடியாது. பலகையில் மூன்று நிரல் போடுங்கள்: நாங்கள் சொல்வது, அவர்கள் சொல்வது, புத்தகம் சொல்வது. மூன்றையும் பிள்ளைகளே நிரப்பட்டும். கதைக்கும்போது எந்த வழக்கும் சரி, எழுதும்போது மூன்றாவது நிரல் என்று வகுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி இன்னும் பெரியது. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பிள்ளைகளுக்கு பேஸ்போல் ஆட்டம் பற்றிய ஒரு பந்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை நன்கு அறிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை விட மேலாக விளங்கிக்கொண்டார்கள். அறிந்த விடயம் வாசிப்பைத் தாங்கும்.

வன்னிப் பிள்ளைக்கு இந்த அறிவு இல்லாமல் இல்லை, வேறாக இருக்கிறது. "வான்" என்றால் அவனுக்கு முதலில் வருவது குளத்து நீர் வழிந்தோடும் வான், அடுத்தது வீதியில் ஓடும் வான் வாகனம். பாடநூல் ஆகாயத்தைச் சொல்கிறது. "பாலை" என்றால் பழம் உதிர்க்கும் பெருமரம். அப்படியிருக்க, பாலைவனம் என்பதைப் பாலை மரக் காடு என்று ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டால் அதில் நல்ல யோசனை இருக்கிறது. "பிழை" என்று வெட்டாமல், உங்கள் சொல்லுக்கு இங்கே இன்னொரு பொருளும் உண்டு என்று பக்கத்தில் வையுங்கள்.

வாசிக்குமுன் ஐந்து நிமிடம் போதும். பந்தியின் உயிராக உள்ள மூன்று சொல்லை மட்டும் தெரிவுசெய்து பொருளாக, படமாக, அபிநயமாகக் காட்டுங்கள். பத்துச் சொல்லுக்கு அகராதிப் பொருள் எழுதிப் போட்டால் ஒன்றும் நிற்காது. "தெரிந்தது, அறிய விரும்புவது, அறிந்தது" என்ற மூன்று நிரல் முறையும் நல்லதே. ஆனால் சின்ன வகுப்பில் நடு நிரல் வெறுமையாகக் கிடக்கும், ஒன்றுமே தெரியாத விடயத்தில் எதைக் கேட்பதென்று பிள்ளைக்குத் தெரியாது. முதலில் ஒரு படத்தைக் காட்டிவிட்டு நிரப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: தரம் 3, 4, 5 மூன்றும் ஒரே அறையில், நான் ஒருத்தி. மொத்தம் 17 பிள்ளைகள். மூன்று கிரகித்தல் பாடம் எப்படி நடத்துவது?
(ஆசிரியை, பூநகரி)

பதில்: மூன்று நடத்த வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் ஒரே பந்தியை எடுத்து வேலையை மட்டும் மூன்றாக்குங்கள். முதல் பத்து நிமிடம் நீங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவது. இடையில் இரண்டு இடத்தில் நிறுத்தி, உங்கள் மனதில் ஓடுவதை உரத்துச் சொல்லுங்கள்: "இவர் ஏன் திரும்பிப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை, முதல் வசனத்தைத் திரும்ப வாசிக்கிறேன்." விளங்காதபோது பெரியவர்களும் திரும்பிப் போய்ப் பார்க்கிறார்கள் என்பதைப் பிள்ளை வேறெங்கும் காண்பதில்லை.

அடுத்த இருபது நிமிடம் தரம் 3 உங்களோடு. அவர்கள் படம் வரைந்து ஐந்து வசனத்தை ஒழுங்குபடுத்தட்டும். தரம் 4 சோடியாக இருந்து இரண்டு "ஏன்" வினாக்களுக்கு விடையும் ஆதார வசனமும் தேடட்டும். தரம் 5 நால்வர் குழுவாகத் தானே நடத்தட்டும். அதற்கு 1984இல் பலின்சார், பிறவுண் என்ற ஆய்வாளர்கள் எழுதிய முறை பொருந்தும். ஒருவர் அடுத்து என்ன வரும் என்று எதிர்வு கூறுவார், ஒருவர் வினாக் கேட்பார், ஒருவர் விளங்காத சொல்லைத் தெளிவாக்குவார், ஒருவர் சுருக்கிச் சொல்வார். ஒவ்வொரு பந்திக்கும் பொறுப்பு மாறும்.

முதல் நாளே நான்கு அட்டையைக் கொடுத்து விடுவதால்தான் இது பல இடத்தில் குழம்பிப்போகிறது. ஒரு பொறுப்பை ஒரு வாரம் வகுப்பு முழுவதும் சேர்ந்து பழகிய பிறகே அடுத்ததுக்குப் போங்கள், ஐந்தாம் வாரம் குழு. சுருக்குவதே நான்கிலும் கடினம். பந்தி முழுவதையும் திருப்பிச் சொல்வார்கள். "15 சொல்லுக்குள்" என்று எல்லை போட்டு விரல் மடித்து எண்ண விடுங்கள்.

கேள்வி: தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது. கடந்தகால வினாத்தாளில் கிரகித்தல் பகுதியைத் தினமும் செய்விக்கிறோம். புள்ளி ஏறவில்லை.
(தந்தை, மல்லாவி)

பதில்: தாளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். வாரத்துக்கு இரண்டு போதும். மிச்ச நாட்களில் பிழைத்த விடைகளைப் பிள்ளையோடு இருந்து நான்காகப் பிரியுங்கள்: சொல்லை வாசிக்கத் தெரியவில்லை, சொல்லின் பொருள் தெரியவில்லை, பந்திக்குத் திரும்பிப் பார்க்கவில்லை, வினாவையே சரியாக வாசிக்கவில்லை. நான்காவது நீங்கள் நினைப்பதை விடக் கூட இருக்கும். "பொருந்தாதது", "அல்லாதது" போன்ற சொற்களைக் கோடிட்டுவிட்டுத்தான் விடை தேட வேண்டும் என்பதை வழக்கமாக்குங்கள். வாரத்தில் ஒரு நாள் வினா இல்லாத பந்தியைக் கொடுத்துப் பிள்ளையையே ஐந்து வினா எழுதச் சொல்லுங்கள். வினா எங்கே ஒளிந்திருக்கும் என்பது எழுதிப் பார்த்தவருக்கே தெரியும்.

கேள்வி: வீட்டில் பாடநூலைத் தவிர வேறு புத்தகம் இல்லை. அம்மம்மாவோடுதான் பிள்ளை இருக்கிறது, அவருக்கு வாசிக்கத் தெரியாது.
(உறவினர், மடு)

பதில்: அம்மம்மாவுக்குக் கதை சொல்லத் தெரியும். அதுவே மூலப்பொருள். காட்டுக்குத் தேன் எடுக்கப் போனது, சூடு மிதித்தது (நெற்கதிரைப் போரடித்தது) என்று அவர் சொல்வதைப் பிள்ளை நாலைந்து வசனமாகப் பள்ளியில் ஆசிரியருக்குச் சொல்லட்டும். ஆசிரியர் பிள்ளையின் சொல்லைப் பெரிதும் மாற்றாமல் எழுதிக் கொடுக்கட்டும். ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே இருமுறை மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் வரும். நடுக்கோட்டில், நடுவிலுள்ள இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் வெட்டி, நீளவாக்கில் திரும்ப மடித்து, இரு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம் கிடைக்கும். அட்டையில் தலைப்பும் அம்மம்மாவின் பெயரும், பக்கத்துக்கு ஒரு வசனம், கீழே படம்.

மாலையில் பிள்ளை அதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டும். அவர் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: "நான் அப்பிடியே சொன்னனான்?", "அதுக்குப் பிறகு என்ன நடந்திருக்கும்?" அடுத்த புத்தகம் அந்த விடையிலிருந்து தொடங்கலாம். செய்த புத்தகங்களை மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு உயரத்தில் வையுங்கள். மண் தரையிலோ சுவரோடு ஒட்டியோ வைத்தால் கறையான் ஏறிவிடும்.